கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்தலாமா?

 

பிள்ளைக்குக் கண் மஞ்சளானால் நம் ஊரில் முதலில் தோன்றுவது நாட்டு மருந்துதான். "இங்கிலீஷ் மாத்திரை ஈரலைக் கெடுக்கும், நிறுத்துங்க" என்று யாராவது சொல்வார்கள். லூபஸ் நோய் உள்ள பிள்ளைக்கு இப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, தவறிப்போய் நம் உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். இது தொற்றாது. பெற்றோர் செய்த குற்றமும் அல்ல. சிறுவர்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது. விடாத காய்ச்சல், கன்னத்தில் சிவந்த தடிப்பு, மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். சிறுநீரகத்தைப் பாதிப்பதுபோல் கல்லீரலையும் இது பாதிக்கலாம்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகப் பல காரணங்கள் உண்டு. எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கியிருந்தால், லூபஸ் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். ஏதாவது ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை மட்டும் டாக்டர் மாற்றுவார். வைரஸ் காமாலை என்றால் வைத்தியம் வேறு. சில நேரம் ஈரலில் ஒன்றுமே இருக்காது. ரத்தச் சிவப்பணுக்கள் உடைவதால் மஞ்சள் தெரியும். கண்ணைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து பிள்ளை மயங்கலாம். அடங்கியிருந்த லூபஸும் சீறி எழும். போதாக்குறைக்கு, சில நாட்டு மருந்துக் கலவைகளே ஈரலைக் கெடுக்கும்.

ஆகவே, மஞ்சள் தெரிந்த அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த மருந்து எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உளறினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு நாள் தறி நின்றால் கூலி போகும் என்பது எங்களுக்கும் தெரியும். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், வேலூர் சி.எம்.சி.யும் நமக்குப் பக்கம். சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப்போய், செலவு அதில் வருமா என்று கேளுங்கள்.

ரமலானில் நோன்பு வைக்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை எடுத்துச் சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையும் தவற வேண்டாம்.

துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம். நம் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.