சாதமும் வேஷ்டியும் ஒரே சர்க்கரை

(நமது கிளைக் கூட்டம் ஒன்றில், ஓய்வு பெற்ற ரசாயனப் பேராசிரியர் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

பாட்டுக் கச்சேரிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

என் அத்திம்பேருக்கு 45 வயதில் சர்க்கரை வியாதி வந்தது. அன்றிலிருந்து காபியில் சர்க்கரை கிடையாது. தீபாவளிக்குக்கூட ஸ்வீட்டைத் தொட மாட்டார். ஆனால் குழம்பு சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று இரண்டு வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுவார். "அரிசியில் ஏது சர்க்கரை?" என்பார். நானும் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. 30 வருஷம் காலேஜில் கார்போஹைட்ரேட் பாடம் நடத்தியவன், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சொல்லாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கார்பனோடு, தண்ணீரில் உள்ளதைப் போலவே 2 ஹைட்ரஜனுக்கு 1 ஆக்சிஜன் என்ற கணக்கில் சேர்ந்திருப்பதால் கார்போஹைட்ரேட் என்று பெயர் வைத்தார்கள். இதன் அடிப்படைச் செங்கல் குளுகோஸ்: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். இந்த அணுக்கள் எந்தத் திசையில் அமைந்திருக்கின்றன என்பதை 1891-ல் ஜெர்மன் விஞ்ஞானி எமில் ஃபிஷர் நிறுவினார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரில் கரைந்த குளுகோஸ் பெரும்பாலும் ஒரு வளையமாக இருக்கும். 5 கார்பனும் 1 ஆக்சிஜனும் வளையத்தில். ஆறாவது கார்பன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு குளுகோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கைகோத்தால், அது காபியில் போடும் சர்க்கரை. குளுகோஸும் காலக்டோஸும் சேர்ந்தால் பாலில் உள்ள லாக்டோஸ். குளுகோஸை மட்டுமே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்தால், அதுதான் அரிசியில் உள்ள ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. சங்கிலி நீளமாக இருப்பதால் நாக்குக்கு இனிப்பு தெரிவதில்லை. வெறும் சாதத்தை ஒரு நிமிஷம் நன்றாக மென்று பாருங்கள், லேசாகத் தித்திக்கும். எச்சிலில் உள்ள என்ஸைம் சங்கிலியை வெட்ட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மீதி வேலையைச் சிறுகுடல் முடித்துவிடும்.

நாம் உடுத்தும் பருத்தி வேஷ்டியும் இதே குளுகோஸ் சங்கிலிதான் என்றால் நம்புவீர்களா? அதற்கு செல்லுலோஸ் என்று பெயர். வித்தியாசம் இணைப்பில்தான். வரிசையாக நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக் கைகோத்தால் ஸ்டார்ச். அந்தச் சங்கிலி சுருள் சுருளாக வளையும். ஒருவர் இந்தப் பக்கம், அடுத்தவர் அந்தப் பக்கம் என்று மாறி மாறி நின்றால் செல்லுலோஸ். அது நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டி நாராகிவிடும். அந்த இணைப்பை வெட்டும் என்ஸைம் நம்மிடம் இல்லை. பசுவின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. அதனால் அது புல்லைத் தின்று பால் கொடுக்கிறது. நமக்குக் கீரையிலும் வாழைத்தண்டிலும் உள்ள செல்லுலோஸ் நார்ச்சத்தாகப் பயன்படுகிறது. ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்வதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ரத்தப் பரிசோதனையில் 100 என்று வந்தால், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுகோஸ் இருக்கிறது என்று பொருள். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். ஆக மொத்தம் 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான்! 150 கிராம் சாதத்தில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. எட்டு ஸ்பூன். இன்சுலின் சரியாக வேலை செய்பவர்களுக்கு அது உடனுக்குடன் திசுக்களுக்குள் போய்விடும். மற்றவர்களுக்கு ரத்தத்திலேயே தேங்கும். அத்திம்பேர் காபியில் ஒரு ஸ்பூனை விட்டுவிட்டு இலையில் எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"நான் சப்பாத்திக்கு மாறிவிட்டேன்" என்று வடக்கே இருக்கும் நம்மவர்கள் பலர் சொல்கிறார்கள். கோதுமை மாவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். கூடுதல் நார்ச்சத்து நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை முக்கியம். ஏகாதசிக்கு அரிசியை விட்டு, மகாராஷ்டிர வழக்கப்படி ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுபவர்களும் உண்டு. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உபவாசம் இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கவும் கூடும். ஆகவே உபவாசமானாலும் சாப்பாட்டை மாற்றுவதானாலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சாதத்தை விடச் சொல்லவில்லை. அது நம்மால் ஆகிற காரியமும் இல்லை. அத்திம்பேர் இப்போது கறியும் கூட்டும் நிறையப் போட்டுக்கொள்கிறார். சாதம் அளவாக ஒரு கரண்டி. மறு சாதம் கேட்டால் அக்கா, "இன்னும் எத்தனை ஸ்பூன் போடட்டும்?" என்று கேட்கிறாள். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிக் கேட்டால் நான் பேசியதற்குப் பலன் உண்டு.

இலை போட்டாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள்.