விலை வாங்குவது குற்றமல்ல. விலங்கு பூட்டுவதே குற்றம்

(கணினிப் பயிற்சி முடித்துச் சொந்தமாகக் கடை நடத்தும் இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு தம்பி என்னைத் தனியே அழைத்துப் போனார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருப்பவர். ஒரு வாடிக்கையாளரின் பழைய கணினியில் லினக்ஸையும் லிப்ரே ஆபீஸையும் ஏற்றிக் கொடுத்து 500 ரூபாய் வாங்கியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அந்த வாடிக்கையாளர் திரும்பி வந்து, "நெட்டில் சும்மா கிடைப்பதற்கு என்னிடம் காசு வாங்கினாயே, இது ஏமாற்று வேலை இல்லையா?" என்று நாலு பேர் முன்னிலையில் சத்தம் போட்டிருக்கிறார். "அண்ணே, நான் வாங்கியது நியாயமான காசா, இல்லையா?" என்று தம்பி கேட்டார்.

தயாரித்து வந்த உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இன்று அந்தக் கேள்விக்கே பதில் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அது ஒருவருடைய கேள்வி மட்டும் அல்ல. இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் அனைவரின் பிழைப்பும் நாணயமும் அதில் அடங்கியிருக்கின்றன.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விலையில்லாதது என்பது ஒன்று; கட்டுப்படாதது என்பது மற்றொன்று. அவர்களுக்கு அந்தக் குழப்பம் இருக்கிறது. நமக்கு அது தேவையில்லை. தமிழில் 'இலவசம்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'கட்டற்றது' என்று வேறொரு சொல்லும் இருக்கிறது. இந்த மென்பொருள்களைக் கட்டற்ற மென்பொருள் என்று அழைப்பதே சரி.

கட்டற்றது என்றால் என்ன? எந்தப் பணிக்கும் அதைப் பயன்படுத்தலாம். அதன் மூல நிரலைப் படித்து, நம் தேவைக்கு ஏற்ப மாற்றலாம். நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியமைத்ததையும் பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளில் எதிலாவது விலையைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதா? இல்லை.

இந்த இயக்கத்தைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். 1984-ல் வேலையை விட்டு விலகினார். பிறகு எதை வைத்துச் சாப்பிட்டார்? 1985-ல் தாம் எழுதிய ஈமேக்ஸ் என்ற மென்பொருளை நாடாவில் பதிந்து, ஒரு நாடா 150 டாலர் என்று விற்றார்! கணினி வலையமைப்பு வசதி இருந்தவர்கள் அதையே காசில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். இரு சாராருக்கும் கிடைத்த உரிமை ஒன்றுதான்.

லினக்ஸின் கதையையும் கேளுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அதை வெளியிட்டபோது, இதற்கு யாரும் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் பிளாப்பி தட்டில் நகலெடுத்துக் கொடுக்க முன்வந்தவர்கள், தட்டின் விலையைக்கூட வாங்க முடியாமல் திண்டாடினார்கள். 1992-ல் அவர் அந்த நிபந்தனையைக் கைவிட்டு, குனு பொது உரிமத்துக்கு மாறினார். விற்கத் தடை நீங்கிய பின்னரே லினக்ஸ் குறுந்தகடுகளில் ஏறி, இணைய வசதி இல்லாதவர்களின் வீடுகளையும் எட்டியது.

குற்றம் எங்கே இருக்கிறது?

ஊர்ப் பொதுக் கிணற்றை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் எல்லாருக்கும் உரியது. அதைக் குடத்தில் சுமந்து வந்து நம் வீட்டுத் தொட்டியில் ஊற்றுபவருக்குக் கூலி கொடுக்கிறோம். அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவரே ஒரு நாள் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டு, "இனி என்னிடம்தான் வாங்க வேண்டும்" என்றால் ஊர் சும்மா இருக்குமா?

அப்படி ஒரு பூட்டை உடைத்த வரலாறும் உண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரௌட்டர் பெட்டி பெருமளவில் விற்பனையானது. அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது லினக்ஸ் என்பது 2003-ல் வெளியே தெரிந்தது. பெட்டியை விற்றது தவறு என்று யாரும் சொல்லவில்லை. "உரிமத்தின்படி மூல நிரலைக் கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். அந்த ஆண்டே நிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004-ல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. திட்டம் பிறந்தது, இன்று பல நிறுவனங்களின் ரௌட்டர்களில் அது ஓடுகிறது. லிங்க்சிஸை வாங்கிய சிஸ்கோ நிறுவனத்தின் மீது, பிற பொருள்களுக்காகவும் சேர்த்து 2008-ல் வழக்குத் தொடரப்பட்டது. 2009-ல் சமரசம் ஏற்பட்டது.

எல்லா உரிமங்களும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்ற உரிமங்கள் நிரலை மூடி விற்கவும் இடம் தருகின்றன. ஆனால் ஆக்கியோரின் உரிமைக் குறிப்பை அழித்துவிட அவையும் அனுமதிப்பதில்லை.

பில்லில் என்ன எழுதினீர்கள்?

இனி நம் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பில்லில் என்ன எழுதினீர்கள்?" சற்றுத் தயங்கி, "சாஃப்ட்வேர் - 500" என்றார்.

உரிமத்தின்படி அதில் பிழை இல்லை; விலை சொல்லி விற்க உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் உரிமம் அனுமதிப்பது வேறு, வாங்குபவரின் அறியாமையில் லாபம் பார்ப்பது வேறு. "இதை நீங்களே காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், ஏற்றிக் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, ஆறு மாதம் பார்த்துக்கொள்வதற்கு என் கூலி 500 ரூபாய்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த வாடிக்கையாளர் சண்டைக்கு வந்திருப்பாரா? வாங்கிய காசில் குற்றமில்லை தம்பி. சொல்லாமல் விட்டதில்தான் குறை.

வாடிக்கையாளரிடமும் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இதே 500 ரூபாய்க்குத் திருட்டு விண்டோஸை ஏற்றிக் கொடுத்திருந்தால் வாய் திறந்திருப்பாரா? பிறருடைய பொருளை அனுமதியில்லாமல் ஏற்றிக் கொடுப்பவன் கெட்டிக்காரன். அனுமதியோடு ஏற்றிக் கொடுப்பவன் ஏமாற்றுக்காரன்! இது என்ன நியாயம்?

கிணற்றைத் தூர் வாருவது யார்?

இவ்வளவு சொல்லிவிட்டு முக்கியமான கடமையைச் சொல்லாமல் போனால் என் உரை அரைகுறையாகிவிடும். கூலி வாங்கிக்கொண்டே இருக்கிறோம். கிணற்றைத் தூர் வாருவது யார்?

2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் இருப்பது அம்பலமானது. இணையத்தில் கடவுச்சொல்லையும் வங்கி விவரங்களையும் மறைத்து அனுப்பும் பணியை உலகம் முழுவதும் செய்துகொண்டிருந்த மென்பொருள் அது. கோடி கோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தின. அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடையோ சுமார் 2,000 டாலர்! முழு நேரமாக அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். ஓட்டை 2 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்ததில் வியப்பென்ன? அதன் பிறகே பெரிய நிறுவனங்கள் விழித்துக்கொண்டு நிதி திரட்டின.

'பெரிய நிறுவனங்களின் கடமை நமக்கு எதற்கு?' என்று நினைக்காதீர்கள். உங்களால் முடிந்ததும் உண்டு. ஒரு பிழையைக் கண்டால் ஆக்கியவர்களுக்கு எழுதுங்கள். தமிழாக்கத்தில் தவறு இருந்தால் திருத்திக் கொடுங்கள். லிப்ரே ஆபீஸின் தமிழ் முகப்பே தன்னார்வலர்கள் உழைப்பில் வந்ததுதான். வருமானத்தில் ஒரு சிறு பங்கை அனுப்பி வையுங்கள். அதை வெளியிடும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனும் 2022-ல் ஆப்பிள் கணினிக்கான ஆப் ஸ்டோரில் அதற்கு விலை வைத்தது, மேம்பாட்டுப் பணிக்கு நிதி சேர்ப்பதற்காகத்தான். காசில்லாமல் எடுக்கும் வழியை அவர்கள் அடைக்கவில்லை.

நிறைவாக நான்கே வார்த்தைகள். என்ன பொருள் என்று சொல்லி விற்பனை செய்யுங்கள். ஆக்கியவர் பெயரை மறைக்காதீர்கள். மூல நிரல் எங்கே கிடைக்கும் என்று தெரிவியுங்கள். உரிமம் கோருமானால் நீங்களே கொடுங்கள். பெற்றதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுங்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் நம்மை நம்பி விட்டுச் சென்ற அமானிதம் இது. அடுத்தவருக்கும் அது குறையாமல் போய்ச் சேர வேண்டும்.

தம்பி, நாளைக்குக் கடையைத் திறந்ததும் அந்த வாடிக்கையாளரைக் கூப்பிடுங்கள். காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பில்லைத் திருத்தி எழுதிக் கொடுங்கள்.