டிபன் பாக்ஸில் குட்டி சாசேஜ்

காலையில் பள்ளி வேன் வருவதற்குள் ஃப்ரீசரிலிருந்து நாலு குட்டி சாசேஜை எடுத்து, தோசைக்கல்லில் புரட்டி, டிபன் பாக்ஸில் போட்டு அனுப்பும் வீடுகள் இப்போது நிறைய. பிள்ளையும் மிச்சம் வைப்பதில்லை. கோழிக்கறிதானே, சத்துதானே என்று அம்மாவுக்கும் நிம்மதி.

சத்து இல்லாமல் இல்லை. 100 கிராம் சாசேஜில் ஏறக்குறைய 12 கிராம் புரதம் கிடைக்கும். பி12 வைட்டமின், இரும்பு, துத்தநாகமும் உண்டு. கூடவே கொழுப்பு, பல வகைகளில் அது புரதத்தையே மிஞ்சிவிடும். நார்ச்சத்து இல்லையென்றே சொல்லலாம்.

என் பெரிய கவலை உப்புதான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அதை இரண்டரையால் பெருக்குங்கள். 2 கிராம் உப்பு! பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குட்டி சாசேஜ் நாலைந்து சேர்ந்தாலே 50 கிராம் ஆகிவிடும்; அதிலேயே 1 கிராம் உப்பு உள்ளே போயாயிற்று. மதியச் சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் இனிமேல்தான். உருவம் சின்னது என்பதால் கை கணக்குப் பார்ப்பதில்லை.

அந்த இளஞ்சிவப்பு நிறம் பெரும்பாலும் சோடியம் நைட்ரைட் தருவது. பாக்கெட்டில் 250 என்ற எண்ணாக இருக்கும். நச்சுக் கிருமி வளராமலிருக்கச் சேர்க்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அறிவித்தது. நூற்றில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. முன்பே இருக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடுகிறது. என்றைக்கோ ஒருநாள் தின்றதற்குப் பயப்பட வேண்டாம். தினசரி வழக்கமாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பிள்ளை ஆசைப்பட்டால் ஒன்றிரண்டை மெல்லிசாக நறுக்கி, கேரட், பீன்ஸ், பட்டாணி போட்ட சாதத்தில் கலந்து கொடுங்கள். சாசேஜிலேயே உப்பு இருப்பதால் சாதத்துக்குப் பாதி உப்பு போதும். கருக விடாதீர்கள். மற்ற நாளில் அவித்த முட்டையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ இருக்கட்டும்.

ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு முழுசாகவோ வட்டமாக வெட்டியோ தரவே கூடாது. தொண்டைக் குழியை அப்படியே அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காகக் கீறி, அப்புறம் பொடியாக நறுக்குங்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.