ஆர்ஃபியஸ் ஏன் திரும்பிப் பார்த்தான்?



பாட்டுப் பாடியே பாதாள லோகத்து அரசனை இளக வைத்தவன் ஒருவன் கிரேக்கக் கதைகளில் உண்டு. பெயர் ஆர்ஃபியஸ். அவன் யாழை மீட்டினால் காட்டு விலங்குகள் பகை மறந்து படுத்துக் கேட்கும், மரங்கள் நகர்ந்து வந்து நிழல் கொடுக்கும் என்பார்கள். அவனுக்குக் கல்யாணமான கையோடு மனைவி யூரிடிஸைப் பாம்பு தீண்டிவிடுகிறது. செத்தவர்கள் இருக்கும் இடத்துக்கே இறங்கிப் போய், பாடி, அவளைத் திருப்பிக் கேட்கிறான். கொடுக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மேலே போய்ச் சேரும்வரை, பின்னால் நடந்து வருகிறவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசல் கிட்டத்தட்ட வந்துவிட்ட நேரத்தில் திரும்பிப் பார்க்கிறான். அவள் மறுபடியும் போய்விடுகிறாள்.

கதை அவ்வளவுதான். ஆனால் அவன் ஏன் திரும்பினான்? இந்தக் கேள்விக்கு ஐரோப்பியக் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் 2000 ஆண்டுகளாக ஆளுக்கொரு பதில் சொல்லி வருகிறார்கள்.

ரோமானியக் கவிஞர் வர்ஜில் இந்தக் கதையைச் சொன்ன இடமே விநோதமானது. உழவைப் பற்றி அவர் எழுதிய நூலின் நான்காம் பகுதியில், தேனீ வளர்ப்புக்கு நடுவே இது வருகிறது. ஒரு கணப் பித்து, அதனால் திரும்பினான் என்கிறார். அடுத்த தலைமுறைக் கவிஞரான ஓவிட் கொஞ்சம் கருணையோடு பார்க்கிறார்: அவள் நடக்க முடியாமல் தளர்ந்துவிட்டாளோ என்ற பயம், பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதனால்தான் யூரிடிஸ் அவனைக் குறை சொல்லவில்லையாம். தன்மேல் அன்பு வைத்தான் என்பதைத் தவிர அவன்மேல் அவள் என்ன குற்றம் சொல்ல முடியும்? இவர்களுக்கெல்லாம் முந்திய பிளேட்டோவின் 'விருந்து' நூலில் வரும் ஒரு பாத்திரம் மட்டும் ஆர்ஃபியஸைத் துளியும் மதிக்கவில்லை. மனைவிக்காக உயிரை விடத் துணியாமல் உயிரோடு உள்ளே நுழையப் பார்த்த கோழை, அதனால்தான் தேவர்கள் அவளுடைய வெறும் நிழலைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள் என்று அது வாதிடுகிறது.

இனி இசைக்கு வருவோம். வசனமே இல்லாமல் முழு நாடகத்தையும் பாட்டிலேயே நடத்தும் ஓபெரா என்ற கலை இத்தாலியில் பிறந்தபோது, அது முதலில் கைவைத்த கதைகளில் ஒன்று இது. பாடகனே கதாநாயகன் என்றால், மேடையில் ஏன் எல்லோரும் பாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

1600-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஃபிளாரன்ஸ் நகரில், மரியா தே மெதிச்சிக்கும் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமண விழாவில் யாகோபோ பெரி 'யூரிடிஸ்' என்ற ஓபெராவை மேடையேற்றினார். ஆர்ஃபியஸாகப் பாடியதும் அவரே. கல்யாண வீட்டில் மணப்பெண்ணைச் சாகடித்துக் காட்டினால் யார் பொறுப்பார்கள்? நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். பாடினான், கொடுத்தார்கள், கூட்டிக்கொண்டு வந்தான், சுபம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1607 பிப்ரவரியில், மாந்துவா நகரின் கோன்சாகா அரண்மனையில் மோன்டேவெர்டியின் 'ஓர்ஃபேயோ' அரங்கேறியது. அதன் மூன்றாம் அங்கத்தில் பாதாள நதியின் ஓடக்காரன் கேரன் வழிமறிக்கிறான். கட்டைக் குரல். கூடவே ரீகல் என்ற சின்ன ஆர்கன், மூக்கால் பேசுவதுபோல் கரகரக்கிறது. அவனுக்கு எதிரே ஆர்ஃபியஸ் தன் வித்தையையெல்லாம் இறக்குகிறான். ஒரு சரணத்துக்கு இரண்டு வயலின்கள், அடுத்ததற்கு கார்னெட்டோ என்ற ஊதுகுழல்கள், அதற்கடுத்து ஹார்ப். 1609-இல் அச்சான இசைப் பிரதியில் அந்தப் பாட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகளில் இருக்கிறது. ஒன்று வெறும் மெட்டு, மற்றொன்று பிருகா, சங்கதிகள் எல்லாம் சேர்த்து எழுதியது. இப்படியெல்லாம் பாடிய பிறகு கேரன் என்ன சொல்கிறான் தெரியுமா? பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இரக்கம் வராது என்கிறான். அப்புறம் ஆர்ஃபியஸ் வாசிக்க வாசிக்கத் தூங்கிப் போகிறான்! கச்சேரியில் தூங்குகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? அந்தத் தூக்கத்தில்தான் ஆர்ஃபியஸ் ஓடத்தை எடுத்துக்கொண்டு அக்கரை போகிறான்.

திரும்பும் வழியில், மேடைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்க வேண்டும் என்று பிரதியிலேயே குறிப்பு இருக்கிறது. யாரோ அவளைப் பறித்துக்கொண்டு போக வருகிறார்களோ என்று திடுக்கிட்டுத் திரும்புகிறான். என்னைக் கேட்டால், இதுவரை சொன்ன காரணங்களில் இதுவே ஆக நுட்பமானது. ஓசையை வைத்துப் பாதாளத்தையே ஜெயித்தவனை ஓர் ஓசைதான் கவிழ்க்கிறது. இதை ஓர் இசைக்கலைஞர்தான் யோசித்திருக்க முடியும். பாடல் வரிகளை எழுதியவர் ஸ்ட்ரிஜ்ஜோ அந்த அரண்மனை அதிகாரிதான், ஆனால் பெயர்பெற்ற இசையமைப்பாளரின் மகன்.

1762-இல், வியன்னாவில் குளூக் செய்த ஓபெராவில் பழி யூரிடிஸ் பக்கம் சாய்கிறது. நிபந்தனை என்ன என்பதை அவளிடம் சொல்லவும் கூடாது என்று கட்டளை. என்னை ஏன் பார்க்க மாட்டேன் என்கிறாய், அன்பு போய்விட்டதா என்று அவள் அழுது அரற்ற, தாங்காமல் திரும்பிவிடுகிறான். அதற்கு முன்னால் வரும் ஒரு காட்சி இன்னும் அபாரம். பாதாள வாசலில் அவன் கெஞ்சக் கெஞ்ச, பூதங்களின் கூட்டம் 'நோ!' என்று ஒரே குரலில் அடித்துச் சொல்கிறது. போகப் போக அந்த 'நோ' தணிந்து, கதவு திறக்கிறது. முதல் ஆர்ஃபியஸாகப் பாடிய குவாதாஞ்னி, லண்டனில் டேவிட் காரிக் என்ற பெரிய நடிகரிடம் நடிப்புக் கற்றவர்.

யூரிடிஸ் மறுபடியும் இறந்த பிறகு வரும் பாட்டு இன்றுவரை விவாதப் பொருள். அது மேஜர் ஸ்கேலில் இருக்கிறது; நம் சங்கராபரண ஸ்வரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூற்றாண்டு கழித்து அதே வியன்னாவில் இருந்த விமர்சகர் ஹான்ஸ்லிக், இந்த மெட்டில் மகிழ்ச்சியான சொற்களைப் போட்டாலும் அப்படியே பொருந்துமே என்றார். வாதம் சரிதான். ஆனால் நடந்ததை இன்னும் முழுசாக நம்பாத ஒருவன் அப்படித்தான் பாடுவான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்பாரியாக இருந்திருந்தால் நாமும் ஒரு தடவை அழுதுவிட்டு மறந்திருப்போம்.

1858-இல், பாரிஸில் ஆஃபன்பாக் இதையெல்லாம் போட்டு உடைத்தார். அவருடைய ஆர்ஃபியஸ் ஒரு வயலின் வாத்தியார். அவன் வாசிப்பைக் கேட்டாலே மனைவிக்கு ஆகாது. அவள் செத்ததில் அவனுக்குச் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம். 'பொதுஜன அபிப்பிராயம்' என்றே ஒரு பாத்திரம் வந்து, ஊர் என்ன பேசும் என்று மிரட்டி அவனைக் கீழே இழுத்துப் போகிறது. திரும்பும் வழியில் தேவர்களின் அரசன் ஜூபிடர் இடியை எறிய, பயத்தில் திரும்பிவிடுகிறான். தொலைந்தது சனியன்! குளூக்கின் அந்தப் புனிதமான மெட்டையும் நடுவில் கிண்டலுக்கு இழுத்திருப்பார். புராணத்தைக் களங்கப்படுத்திவிட்டார் என்று ஜூல் ஜானென் என்ற விமர்சகர் கொதித்து எழுதியதும் டிக்கெட் விற்பனை ஏறியது. இன்று கான்-கான் நடனம் என்றதும் காதில் வரும் மெட்டு அந்த நாடகத்தில் தேவர்கள் பாதாளத்தில் போடும் ஆட்டத்தினுடையதுதான்.

வானொலியில் பேசிக்கொண்டு ஜான் காக்தோவின் 1950-ஆம் ஆண்டுத் திரைப்படத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதில் ஆர்ஃபியஸ் ஒரு பிரபலக் கவிஞன். ஒரு காரின் ரேடியோவில் எங்கிருந்தோ புரியாத வாசகங்களும் எண்களும் வருகின்றன. போர்க்காலத்தில் பிபிசி பிரெஞ்சுப் போராளிகளுக்கு ஒலிபரப்பிய சங்கேதச் செய்திகளின் சாயல் அது. மனைவி கர்ப்பமாக இருக்க, இவன் காருக்குள் உட்கார்ந்து அதையே குறித்துக்கொண்டிருக்கிறான். அவள் இறந்து, மீட்கப்பட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் அவளை ஒருபோதும் பார்க்கக் கூடாது. கடைசியில் அதே காரில், ரியர்வியூ கண்ணாடியில் அவள் முகம் தெரிந்துவிடுகிறது. அவன் திரும்பக்கூட இல்லை. அப்புறம் மரணமே ஒரு பெண்ணாக வந்து, நடந்தது எதுவும் நினைவில்லாதபடி இருவரையும் பழைய வாழ்க்கைக்கே அனுப்பிவைக்கிறாள். இதைச் சமாதான முடிவு என்று பலர் சொல்கிறார்கள். ஆஃபன்பாக்கின் முடிவே தேவலை என்பது என் கட்சி.