இரண்டாவது கேள்வி



நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியையாக வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி ராஜபாளையம் பக்கம். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஓய்வு பெற்ற பிறகு, விடுமுறை நாட்களில் நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கவிதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குழந்தைகளைக் கவிதை எழுதவைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் உங்கள் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, பழைய நோட்டு ஒன்றுதான் உடனே நினைவுக்கு வந்தது. நான் செய்த தவறு அதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் வகுப்பு. ‘அம்மா’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, கவிதை எழுதுங்கள் என்றேன். ஒரு பெண் பிள்ளை, அவள் அம்மா நூல் மில்லில் வேலை செய்கிறவர், மூன்றே வரி எழுதியிருந்தாள்:

அம்மா கொண்டையில பஞ்சு
நான் ஒவ்வொண்ணா எடுப்பேன்
அதுக்குள்ள சங்கு ஊதிரும்

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘கொண்டையில்’, ‘ஒவ்வொன்றாக’, ‘ஊதிவிடும்’ என்று திருத்தினேன். ஓரத்தில் ‘எதுகை மோனை இல்லை’ என்று எழுதி, பத்துக்கு நாலு போட்டேன். அடுத்த மாதம் அவள் மறுபடி எழுதிக் கொடுத்தாள். எட்டு வரி. அம்மா தெய்வம், அம்மா விளக்கு, அம்மா ஆலமரம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ‘மிக நன்று’ என்று எழுதினேன். அதோடு அந்தப் பஞ்சும் போயிற்று, சங்கும் போயிற்று, ஷிப்டுக்குக் கிளம்பும் அந்த அம்மாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எனக்காக எழுதியது எல்லாம் வேறு யாரோ எழுதியது மாதிரியே இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: “எடுத்த பஞ்சை என்னம்மா செய்வே?” அவ்வளவுதான். தலைப்பு கொடுப்பது முதல் கேள்வி; அதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு, அந்த வரிக்குள்ளிருந்தே கேட்கிற இரண்டாவது கேள்விக்குத்தான் ஆசிரியர் வேண்டும். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

ராஜபாளையத்தைத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மேற்கே மலை, ஊரைச் சுற்றி நூற்பாலைகள். பக்கத்திலே சத்திரப்பட்டி, மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுகிற துணி அங்கே தறியில் நெய்யப்படுகிறது. அங்கே வளரும் பிள்ளையின் கண்ணில் படுவதெல்லாம் வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்காத சரக்கு. நாமோ அதையெல்லாம் வீட்டில் விட்டுவிட்டு வரச்சொல்லி, நிலாவைப் பற்றி எழுது, மயிலைப் பற்றி எழுது என்கிறோம்.

கேள்வி கேட்பதை எங்கே கற்றுக்கொள்வது என்று நான் தேடியபோது, விடை எங்கள் ஊரிலேயே இருந்தது. ஆண்டாளை நாம் சின்ன வயதிலிருந்து பாராயணம் செய்கிறோம். மார்கழி விடிகாலையில் திருப்பாவை முப்பதையும் ஒப்பிக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவில் இன்றும் உண்டு. ஒப்பிக்கட்டும், அது பெரிய சொத்து. ஆனால் அவளிடம் எழுதக் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. நாச்சியார் திருமொழியில் அவள் குயிலிடம் பேசுகிறாள், மேகத்திடம் பேசுகிறாள். வெண்சங்கைப் பார்த்து, கண்ணனின் வாய் எப்படி மணக்கும், எப்படிச் சுவைக்கும் என்று கேட்கிறாள். வெறுமனே கேட்டுவிட்டு நிற்கவில்லை; இந்த மணமா, அந்த மணமா என்று விடைகளையும் தானே எடுத்துக் கொடுத்துக் கேட்கிறாள். பதில் சொல்லாத ஒரு பொருளிடம் இவ்வளவு நெருக்கமாகக் கேட்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்தப் பதிகம்தான்.

அதை வைத்து ராஜபாளையத்துப் பிள்ளைகளிடம் சொன்னேன்: “உங்க ஊர்லயும் ஒரு சங்கு இருக்கே. மில்லு சங்கு. அதுகிட்ட ஏதாவது கேளுங்க.” ஐந்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பையன் எழுதினான்: “சங்கே, உனக்கு யாரு டூட்டி போட்டா?” இன்னொரு பிள்ளை எழுதினாள்: “நீ ஊதலைன்னா எங்க அப்பா எத்தனை மணிக்கு எந்திரிப்பாரு?” அந்த வரியை நான் திருத்தவில்லை. “அப்பா எந்திரிக்காட்டி வீட்ல என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டேன். அவள் ஒரு பக்கம் எழுதினாள்.

திருப்பாவையின் கட்டுமானத்தையும் பாருங்கள். முப்பது பாட்டும் எட்டெட்டு அடி. எல்லாம் ‘எம்பாவாய்’ என்றே முடியும். ஆறாவது பாட்டிலிருந்து பதினைந்தாவது பாட்டு வரை பத்துப் பாட்டு தோழிகளை எழுப்புகிற பாட்டு. வாசலுக்கு வாசல் வேலை ஒன்றுதான், ஆனால் தூங்குகிறவள் வேறு, அவளிடம் பேசுகிற தொனி வேறு. முடிவு தயாராக இருப்பதால் நடுவில் இஷ்டம்போல ஓடலாம். பிள்ளைக்கு இது பெரிய தைரியம். ‘எந்திரி’ என்று முடிகிற மாதிரி எழுதுங்கள், யாரை வேண்டுமானாலும் எழுப்புங்கள் என்றேன். தம்பியை எழுப்பினார்கள், நாயை எழுப்பினார்கள், செத்துப்போன தாத்தாவை ஒரு பிள்ளை எழுப்பினான்.

அமெரிக்காவில் கென்னத் கோக் என்ற கவிஞர் 1968-இல் நியூயார்க் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இதே வழியைத்தான் பிடித்தார். ஒவ்வொரு வரியும் ‘எனக்கு ஆசை’ என்று தொடங்கட்டும் என்றார். எதுகை தேடாதீர்கள் என்றும் சொன்னார். அந்த அனுபவத்தை எழுதிய அவருடைய புத்தகம் 1970-இல் வந்தது. அவர் நம் பாவைப் பாட்டைப் படித்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. திரும்பத் திரும்ப வருகிற ஒரு அடி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அது எந்த ஊரிலும் நடக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: நாலைந்து வாரத்துக்கு மேல் அந்தப் பிடியிலேயே விடக்கூடாது. பிறகு ‘எந்திரி’ இல்லாமல் எழுத வராது.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டாள் கையில் ஒரு கிளி இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அது தினமும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூ அலகாகிறது. மரவள்ளி இலை உடம்பாகிறது. காக்காய்ப்பொன் கண்ணாகிறது. கால்கள் மூங்கில் குச்சி. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அந்தக் கிளியைக் கிட்டத்தில் நின்று பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும், அது வேறு எதுவாக ஆகும் என்று எழுத வேண்டும். பால்கோவாக் கடைக்காரர் வீட்டுப் பையன் அடிப்பிடித்த கோவாச் சுரண்டலை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தான். “இது மலை. மேல ஏறினா இனிக்கும்” என்று எழுதினான். உவமை, உருவகம் என்று பத்தாம் வகுப்பில் நாங்கள் நாற்பது நிமிஷம் நடத்துவதை அவன் விரலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தான்.

இப்போது உங்கள் கவலைக்கு வருகிறேன். நேற்று ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “டீச்சர், வீட்டில் இங்கிலீஷ்தான் ஓடுது. தமிழ்ல கவிதை எப்படி எழுதுவான்?” அம்மா, எங்கள் ராஜபாளையத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே ராஜூக்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. வேறு பல சமூகத்தாரும் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்கிறார்கள். அந்த ஊரிலிருந்துதான் மு.கு. ஜகந்நாத ராஜா வந்தார். கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் எழுதிய ஆமுக்த மால்யதாவைத் தமிழுக்குக் கொண்டுவந்து, 1989-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதை விஜயநகரம் போய்த் தெலுங்காகி, பக்கத்து ஊர்க்காரர் கையால் தமிழாகத் திரும்பி வந்தது. இரண்டு மொழி இருக்கிற வீடு கவிதைக்குக் குறைந்த வீடு என்று அதற்குப் பிறகு என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு பிள்ளை ‘அவ்வா’ என்று எழுதியிருந்தான். தெலுங்கில் பாட்டி. அதை அடித்துவிட்டுப் ‘பாட்டி’ என்று எழுதினால் அது அவன் பாட்டி இல்லை. உங்கள் பிள்ளை ‘ஸ்கூல் பஸ் ஜன்னல்ல ஃபாக்’ என்று எழுதினால் முதல் நாள் அப்படியே விடுங்கள். அந்த வாரம் ஊருக்குப் போன் போடும்போது, “தாத்தா, கண்ணாடியில புகை மாதிரி படியுமே, அதுக்கு என்ன பேரு?” என்று அவனே கேட்கட்டும். தாத்தா ஒரு சொல் சொல்வார், பக்கத்திலிருந்து பாட்டி வேறொன்று சொல்வார். எது வேண்டும் என்று பிள்ளை முடிவு செய்யட்டும். அகராதி கடைசியில் வரட்டும். தயவுசெய்து, அவன் பார்க்காத ஆலமரத்தையும் ஆற்றங்கரையையும் எழுதச் சொல்லாதீர்கள்.

நூலகர்களுக்கு ஒரு வார்த்தை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். சின்ன ஊரிலும் ஒரு நூலகம் திறந்திருப்பது அதனால்தான். மக்கள் காசில் நடக்கிற அலமாரியில் அந்த மக்களுடைய பிள்ளைகள் எழுதியதும் இருக்கத்தானே வேண்டும்? நம்மிடம் அழ. வள்ளியப்பா தொடங்கி, குழந்தைகளுக்காக எழுதியவர்கள் நிறையப் பேர். குழந்தைகள் தாங்களே எழுதியதை நாம் அதிகம் சேர்த்துவைக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கையெழுத்து இதழ் ஒன்று தைத்தார்கள். நூலகர் அதன் முதுகில் காகிதம் ஒட்டி, பெயர் எழுதி, ராஜபாளையத்துக் கொ.மா. கோதண்டம் அவர்களுடைய ‘காட்டுக்குள்ளே இசைவிழா’வுக்குப் பக்கத்தில் வைத்தார். 2012-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற புத்தகம் அது. தன் இதழ் அங்கே நிற்பதைப் பார்க்க ஒரு பிள்ளை நாலு நாள் தொடர்ந்து வந்தான். நாலாவது நாள் பக்கத்துப் புத்தகத்தை எடுத்தான்.

உங்கள் விழாவில் ஒப்பித்தல் போட்டி இருக்கிறது, மாறுவேடப் போட்டி இருக்கிறது. கவிதைக்கு மட்டும் போட்டி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பரிசு என்று வந்தால் அப்பா அம்மா எழுதிவிடுகிறார்கள். பாசத்தினால்தான் செய்கிறார்கள், ஆனாலும் பிள்ளையின் இடம் பறிபோகிறது. ஒரு சுவரைக் கொடுங்கள், எழுதியதை எல்லாம் ஒட்டட்டும், பெரியவர்கள் நின்று படிக்கட்டும்.

நான் கிளம்பும்போது இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதோ, இந்த நோட்டில் இருக்கிறது. சிலவற்றை மட்டும் படிக்கிறேன்.

“அங்க மழை ஓட்டுல விழுமா, வேற எதுல விழும்? என்ன சத்தம்?”

“உங்க ஊர்ல எது ஊதினா எல்லாரும் எந்திரிப்பாங்க?”

“ராத்திரி ஜன்னலைத் திறந்தா முதல்ல என்ன வாசம் வரும்?”

“தமிழ்ல யார்கிட்ட கோவிச்சுக்குவீங்க?”

நோட்டை மேடைக்குக் கீழே அந்த மேசையில் வைக்கிறேன். இடப்பக்கம் அவர்கள் கேள்வி, வலப்பக்கம் காலியாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் ஊருக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டும். பிள்ளைகளை அனுப்புங்கள், பென்சில் நான் கொண்டுவந்திருக்கிறேன்.