“ப்ரோ, உங்க கருத்து வேண்டாம்”

போன எபிசோடில் நான் பண்ணின கேம் ரிவ்யூவைக் கேட்டுவிட்டு ஒருத்தர் மெசேஜ் அனுப்பியிருந்தார். “ப்ரோ, உங்க கருத்து வேண்டாம். கேம் எப்படி இருக்குனு மட்டும் சொல்லுங்க.” முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், இதே எரிச்சல் எனக்கும் வந்திருக்கிறது. நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கேம் வாங்கப் போகிறவனுக்கு உன்னோட ஃபீலிங்ஸ் எதுக்கு, தகவலைக் கொடு. நியாயமான கேள்விதானே? ஆக இன்றைக்கு இதுதான் டாபிக்: யார் விளையாடினாலும் ஒரே பதில் வருகிற மாதிரி, முழுக்க அப்ஜெக்டிவாக ஒரு ரிவ்யூ எழுத முடியுமா?

எழுதிப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், கிண்டலுக்குத்தான். 2010இல் ஃபைனல் ஃபேன்டஸி 13 வந்தபோது, ஜிம் ஸ்டெர்லிங் என்ற விமர்சகர் டெஸ்ட்ரக்டாய்ட் தளத்தில் ‘100 சதவீத அப்ஜெக்டிவ் ரிவ்யூ’ என்று ஒன்று போட்டார். இது ஒரு வீடியோ கேம், இதில் இசை இருக்கிறது, சிலருக்குப் பிடிக்கலாம், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம் என்கிற ரகத்திலேயே முழுக்கப் போகும். ஒரு வரியைக்கூட மறுக்க முடியாது. ஆனால் படித்து முடித்த பிறகும் வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாது.

சரி, கருத்தை விடுங்க, அளக்கக்கூடியதை அளக்கலாமே? ஃபிரேம் ரேட், லோடிங் நேரம், எத்தனை தடவை கிராஷ் ஆனது. இதெல்லாம் எண்தானே? நானும் இன்ஜினியர்தான், எண் என்றால் எனக்கு நிம்மதி. டிஜிட்டல் ஃபவுண்ட்ரி மாதிரி ஆட்கள் இதை அற்புதமாகச் செய்கிறார்கள். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்ம ஆபீஸ்களில் பக் ரிப்போர்ட் வந்ததும் டெவலப்பர் சொல்லும் முதல் பதில் என்ன? “என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!”

சைபர்பங்க் 2077 கதை அதேதான். 2020 டிசம்பர் 10 ரிலீஸ். அதற்கு முன்னால் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி வெர்ஷன் மட்டும். மெட்டாக்ரிட்டிக்கில் மார்க் 90ஐ ஒட்டி ஏறி நின்றது. ரிலீஸ் அன்று சாதாரண பிஎஸ்4 வைத்திருந்தவர்கள் போட்டுப் பார்த்தால் திக்கித் திணறுகிறது, கிராஷ் ஆகிறது. ரெண்டு வாரம்கூட ஆகவில்லை, சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. திரும்பி வந்தது 2021 ஜூனில். பிஎஸ்4 வெர்ஷனுக்குப் பின்னால் வந்த மார்க் 60ஐக்கூடத் தொடவில்லை. முதலில் எழுதினவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவங்க மெஷினில் பார்த்ததைத்தான் சொன்னார்கள். கேம் என்பது படம் மாதிரி எல்லாருக்கும் ஒரே பிரின்ட் கிடையாது. மெஷின், பேட்ச், விளையாடுகிறவன் கை, எல்லாம் சேர்ந்துதான் கேம்.

இருந்தாலும் எண் மேல் நமக்கு இருக்கிற மயக்கம் போகாது. மெட்டாக்ரிட்டிக் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? பல பேரோட கருத்தை 100க்கு இவ்வளவு என்று மாற்றி, அதில் வெயிட்டட் ஆவரேஜ் போடும். எந்தத் தளத்துக்கு எவ்வளவு வெயிட் என்று வெளியே சொல்லாது. கோட் ரிவ்யூவில் இதைக் கொண்டுவந்தால் நான் அப்ரூவ் பண்ண மாட்டேன். ஆனால் வெளியே வருவது ஒரு எண் என்பதால் அது உண்மை மாதிரித் தெரிகிறது. அதை நம்பிச் சம்பளக் கணக்கே போட்டிருக்கிறார்கள். ஃபால்அவுட்: நியூ வேகஸ், 2010. செய்தது அப்சிடியன். ராயல்டி கிடையாது, மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்பதுதான் ஒப்பந்தம் என்று அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவெலோன் 2012இல் வெளியே சொன்னார். வந்தது 84. யாரோ ஒரு விமர்சகருக்குப் பக் கொஞ்சம் கூடுதலாக எரிச்சல் தந்திருக்கலாம். இன்னொருவருக்கு பாலைவனம் போரடித்திருக்கலாம். அந்த ஒரு மார்க்கில் அப்ஜெக்டிவ் என்று எதைச் சொல்வீர்கள்?

அந்த மெசேஜ் அனுப்பினவரிடம் திருப்பிக் கேட்டேன்: “எந்த இடத்துல என் கருத்து அதிகமா இருந்துச்சு?” பதில் வந்தது: “அந்த கேமுக்கு 7 எல்லாம் ரொம்பக் கம்மி ப்ரோ.” அவர் மேல் கோபமில்லை. நானும் 9 கொடுத்த ரிவ்யூவைப் பார்த்து “கருத்து சொல்லாதே” என்று என்றைக்கும் எழுதினதில்லை.

ஆனால் எனக்கு உறுத்துகிற தப்பு வேறொன்று இருக்கிறது. ரெண்டு வருஷம் முன்னால் ஒரு பசில் கேமை “எல்லாரும் கண்டிப்பா விளையாடணும்” என்று இதே மைக்கில் சொன்னேன். கேம் பேர் வேண்டாம், தப்பு என்னோடது. காலேஜ் நண்பன் ஒருத்தன் அதைக் கேட்டுட்டு வாங்கினான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. மூணாவது லெவலில் எல்லாமே கலர் வைத்துத்தான் போகும். ஒரு வாரம் முட்டி மோதிவிட்டு, தனக்கு மூளை பத்தலையோ என்று நினைத்திருக்கிறான். எனக்கு ஃபோன் பண்ணி, “மச்சான், ஹின்ட் ஏதாவது கொடேன்” என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் ரூமில் இருந்தவன்டா அவன்! ரிவ்யூவில் நான் ரசித்த விஷயம் அத்தனையும் உண்மை. “எல்லாரும்” என்ற ஒரு வார்த்தைதான் பொய்.

அவன் திட்டவில்லை. “அடுத்த தடவை உனக்குப் பிடிச்சிருக்கானு சொல்லு, கலர் பார்த்து ஆடணுமானும் சொல்லு” என்றான், அவ்வளவுதான். அதிலிருந்து ரிவ்யூ ஆரம்பிக்கும்போதே எந்த மெஷின், எத்தனை மணி நேரம், காப்பி சொந்தக் காசா ஓசியா என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அது போர் என்று தெரியும். பரவாயில்லை, ஸ்கிப் பண்ணிக்கோங்க.

அடுத்த வாரத்துக்கான கேமை என் பழைய லேப்டாப்பில் விளையாடிக்கொண்டிருக்கிறேன், சொந்தக் காசு, இதுவரை 11 மணி நேரம். ரொம்பப் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை விண்டோஸில் கலர் ஃபில்டரைப் போட்டு முதல் ரெண்டு லெவலைத் திரும்ப ஆடிப் பார்க்கணும். அது நண்பன் கண்ணுக்குச் சமமாகாது, அதனால் அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன். பிரியாணி என் செலவு.