வார்ட் துரையும் நாம் நடந்த பாதையும்

(பரந்தனில் நடந்த அங்கத்தவர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழும்புக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களுக்கு வார்ட் பிளேஸ் என்ற தெரு தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்குரியவர் சேர் ஹென்றி வார்ட். 1855 முதல் 1860 வரை இலங்கையின் தேசாதிபதி.

ஆள் விசித்திரமானவர். 1797இல் பிறந்தவர். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் சாதாரண சனங்களின் பக்கம் பேசினார், இரகசிய வாக்கு வேண்டும் என்று வாதாடினார். அதே மனிதர் கிரேக்கத் தீவுகளை ஆளப் போனதும், 1849இல் கெபலோனியாவில் கிளர்ந்த குடியானவர்களைச் சவுக்கால் அடிப்பித்தார், 20 பேர்வரையில் தூக்கிலிட்டார். இப்படி இரண்டு வாய் உள்ளவர்களை நாமும் பார்த்திருக்கிறோம், அதை விடுவோம்.

இங்கே அவர் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். 1832இல் இராஜகாரியம் ஒழிந்த பிறகு குளங்களைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. 1856இல் அவர் கொண்டுவந்த சட்டம் ஊரின் பழைய நீர்க்கட்டுப்பாடுகளுக்கு வலுக் கொடுத்தது. இரணைமடுத் தண்ணீரைப் பார்த்து வயல் செய்கிற நமக்கு அதன் பெறுமதி தெரியும்.

1858 ஓகஸ்ட் 3ஆம் திகதி புகையிரதப் பாதைக்கு முதல் மண் வெட்டினார். பிள்ளைகளுக்கு வகுப்பில் இதைப் படிப்பிக்கிறேன். யாருக்காக அந்தப் பாதை என்று ஒரு பிள்ளை கேட்டாள். கோப்பிக்காக என்றேன். மலையிலிருந்து மாட்டுவண்டியில் இறங்கிய கோப்பி கப்பலுக்குச் சீக்கிரம் போக வேண்டுமே. 1867இல் ரயில் கண்டிக்கும் வந்துவிட்டது.

கோப்பி பறித்த நம் முன்னோர் என்ன செய்தார்கள்? தோணியில் மன்னார்க்கரைக்கு வந்து, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறக்குறைய 150 மைல். காடு, தண்ணீர்ப் பஞ்சம், வாந்திபேதி. விழுந்தவரைப் பாதையோரம் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். அதற்குள் கோப்பியே செத்துத் தேயிலை வந்துவிட்டது.

வார்டுக்கு இது தெரியாமலில்லை. ஆள் வரவுக்கென்று 1858இல் சட்டமும் போட்டார். ஆனால் துரைமாரின் பெரிய கவலை, தோட்டத்துக்கு ஆள் குறையக்கூடாது என்பதுதான்.

1860இல் அவரைச் சென்னைக்குக் கவர்னராக அனுப்பினார்கள். போன சில வாரங்களிலேயே, ஓகஸ்ட் 2ஆம் திகதி, இறந்துபோனார். வாந்திபேதி. மன்னார்ப் பாதையில் நம் ஆட்களைக் கொண்டுபோன அதே நோய். கோட்டைக்குள் புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

பாதையோரம் விழுந்தவர்களுக்குத் தெருவுமில்லை, கல்லுமில்லை. நம் குடும்பங்கள் பல 58இலும் 77இலும் அடிபட்டு மலையை விட்டு வன்னிக்கு வந்தவை. அந்த வரவைச் சொல்லக்கூடிய பெரியவர்களும் வருடாவருடம் குறைகிறார்கள்.

அதனால் இன்று ஒரு கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். (கோப்பி அல்ல, எழுதுகிற கொப்பி.) பாட்டன், பாட்டி பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டம், எந்த லயம், வன்னிக்கு எந்த வருடம் என்று சொல்லுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். தேநீர் குடித்து முடிந்ததும் முன்வரிசையிலிருந்து தொடங்குவோம்.